பம்ப் ஆக்‌ஷனில் இரண்டு தோட்டாவுக்கு மேல் ஏறவில்லை. குழாயை நீட்டலாமா?

கடனாநதிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். கடையம் பக்கம் விவசாயம். அப்பா காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. அவர் வைத்திருந்த 12 போர் துப்பாக்கி, வாரிசு முறையில் விண்ணப்பித்து, போன மாதம்தான் என் லைசென்ஸில் ஏறியது. முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷன், ரெமிங்டன் 870, 28 அங்குலக் குழல். மலை மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் மேனேஜராக இருந்தவர் ஊரை விட்டுப் போகும்போது, 1978-இல் அப்பா முறைப்படி வாங்கியது. அவர் இருந்தவரை என்னைத் தொட விட்டதில்லை.

யூடியூபில் பார்த்தால் எல்லோரும் குழலுக்கு அடியில் தோட்டாவை அடுக்கும் அடிக்குழாயில் நான்கு, சுடும் அறையில் ஒன்று, ஆக ஐந்து போடுகிறார்கள். சிலர் நீட்டுக்குழாய் மாட்டி ஏழு, எட்டு போடுகிறார்கள். என்னுடையதில் இரண்டு போனதும் ஸ்பிரிங் கல் மாதிரி நின்றுவிடுகிறது. முற்றத்தில் உட்கார்ந்து நாலைந்து தடவை போட்டு எடுத்துப் பார்த்துவிட்டேன். மூன்றாவது பாதி கூட இறங்கவில்லை.

எதனால் இப்படி? பேட்டையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை இருக்கிறது, அங்கே ஒரு நீட்டுக்குழாய் கடைந்து வாங்கிக்கொள்ளலாமா? மரச்சீனியும் கடலையும் போட்டிருக்கிறேன். பன்றி பத்து, பதினைந்தாக இறங்குகிறது. மூன்று தோட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பழைய ஆர்மரர்

தம்பி, முதலில் ஒன்று. நிஜத் தோட்டாவைப் போட்டா எண்ணிப் பார்த்தீர்கள், அதுவும் வீட்டு முற்றத்தில்? இனி அது வேண்டாம். சோதிக்க டம்மித் தோட்டா இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை. அது அமெரிக்க வாத்துத் துப்பாக்கி. அங்கே 1935 முதல், வலசைப் பறவை சுடும்போது மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் கொள்ளக் கூடாது என்று மத்திய விதி. அதற்காகவே கம்பெனி குழாய்க்குள் ஒரு அடைப்புக் கட்டை போட்டு அனுப்பும். ஸ்பிரிங்குக்கு நடுவே நீளமாக ஒரு மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ கிடக்கும், தோட்டாவைத் தள்ளும் கிண்ணம் அதில் முட்டி நின்றுவிடும். துப்பாக்கியைக் கழற்றாமல் அதை எடுக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியிலேயே உண்டு. உங்களுடையதில் இருப்பது அதுதான், சந்தேகமே இல்லை.

நீட்டுக்குழாய் பேச்சை விடுங்கள். பழுதுபார்க்க உரிமம் உள்ள ஆயுதக் கடைக்குத் துப்பாக்கியையும் லைசென்ஸையும் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூடியைத் திருகியதும் ஸ்பிரிங் பாய்ந்து வந்து கண்ணில் அடிக்கும். நான் கையுறை போட்டுத்தான் திறப்பேன்.

வாழைத்தோப்பு

களக்காட்டிலிருந்து எழுதுகிறேன். போன தையில் ஏத்தன் வாழை முக்கால் ஏக்கர் போச்சு. கன்றைச் சாய்த்துக் கிழங்கை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு மீதியை மிதித்துப் போட்டுவிட்டுப் போகிறது. மனு எழுதிக் கொடுத்த இடத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆகவே தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. எட்டு என்ன, எண்பது போட்டாலும் தகும்.

நெல்லை வக்கீல்

வாழைத்தோப்பு அண்ணாச்சி, கோபம் நியாயம். ஆனால் குழாயில் எத்தனை ஏறும் என்பதற்கும் பன்றிக்கும் சம்பந்தமே இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் காட்டுப்பன்றி அட்டவணை விலங்கு. உங்கள் தோட்டத்துக்குள் வந்தாலும் நீங்களாகச் சுட முடியாது. உயிருக்கு ஆபத்து வந்து தற்காப்புக்காகச் சுடுவது வேறு. கடலைக்காகச் சுட்டேன் என்றால் வழக்குத்தான்.

2025 ஜனவரியில் அரசு அறிவித்த ஏற்பாடு இது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைப் பிடிக்கவும் கூடாது, சுடவும் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் பிடித்துக் காட்டில் விடலாம். 3-க்கு அப்பால்தான் சுடலாம், அதையும் வனத்துறை ஆட்கள்தான் செய்ய வேண்டும். ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குள் போனால் கதை வேறு. அங்கே 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தவும் வழி செய்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம், இந்தப் பக்கம் ஒரு நியாயம் என்று நம் ஆட்கள் புலம்புவது அதனால்தான்.

கடனாநதிக்கரை தம்பி, உங்கள் வயல் காட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

கடனாநதிக்கரை

அளந்ததில்லை. இரண்டு கிலோமீட்டர் இருக்கும்.

நெல்லை வக்கீல்

அப்படியென்றால் பிடித்து விடும் வட்டம். துப்பாக்கிக்கே வேலை இல்லை.

இன்னொரு வேடிக்கை. 1959 ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்பு என்று பெயர் சொல்லிக் கொடுக்கப்படும் ஆயுதம், பொதுவாகக் குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிதான். 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள தோட்டாத் துப்பாக்கிக்குச் சட்டம் சொல்லும் காரணம் தற்காப்பு அல்லது விளையாட்டு. ஆக, வயலுக்கென்று சட்டம் முதலில் நினைத்துப் பார்த்தது ஒரு வேட்டு போட்டுவிட்டு உட்கார்ந்து மறுபடி கெட்டிக்கிற ஆளை.

நீட்டுக்குழாயைப் பற்றி: துப்பாக்கியைச் செய்யவும், பழுதுபார்க்கவும், மாற்றவும் பிரிவு 5-இன்படி தனி உரிமம் வேண்டும். குழலைக் குறைப்பது, ஒரு வகை ஆயுதத்தை வேறு வகையாக மாற்றுவது எல்லாம் பிரிவு 6. உங்கள் லேத்காரரிடம் எந்த உரிமமும் இருக்காது. கடைந்து கொடுத்தவரும் மாட்டுவார், மாட்டியவரும் மாட்டுவார்.

லேத்து மாமா

பேட்டை என்று பெயர் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். தம்பி சொல்வது என் பட்டறையாக இருக்காது என்று நம்புகிறேன்.

முப்பத்தோரு வருடமாக லேத் ஓட்டுகிறேன். இந்த மாதிரி வேலை இரண்டு தடவை தேடி வந்தது, இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது ஆள் ஒரு துணிப்பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். குழலைக் கையளவு குறைத்துத் தர வேண்டுமாம், தோட்டத்து வீட்டுப் பரணில் வைக்க நீளமாக இருக்கிறதாம். "அண்ணாச்சி, பரணை நீட்டிக்கட்டும்" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். எனக்குப் பயம் போலீஸ் மட்டும் இல்லை. பம்பு செட்டுக் குழாயில் மரை கொஞ்சம் தளர்வாக இருந்தால் தண்ணீர் கசியும், திட்டு வாங்கிக்கொண்டு மறுபடி கடைந்து கொடுப்பேன். இதில் தளர்ந்தால் யாரைக் கூப்பிட்டு மறுபடி கடைவது?

பாளை–பர்மிங்காம்

சொந்த ஊர் பாளையங்கோட்டை, இருப்பது இங்கிலாந்தில். களிமண் தட்டைப் பறக்கவிட்டுத் துப்பாக்கியால் சுடும் கிளப்பில் உறுப்பினர். இங்கே அந்த அடைப்புக் கட்டை வேலையே செல்லாது. 1987-இல் ஹங்கர்போர்டில் ஒருவன் பலரைச் சுட்டுக் கொன்றதற்குப் பிறகு, 1988-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். சாதாரண ஷாட்கன் சான்றிதழில் வைத்திருக்கும் பம்ப் துப்பாக்கியின் குழாயில் இரண்டு தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது, கழற்ற முடியாத குழாயாக இருக்க வேண்டும். என் துப்பாக்கியின் குழாயை வெளியிலிருந்தே நெளித்து அழுத்தியிருக்கிறார்கள், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். அரசு ஒப்புக்கொள்ளும் முத்திரை லண்டனிலோ பர்மிங்காமிலோ உள்ள சோதனைச் சாலையில் குத்தப்படும். அதற்கு மேல் கொள்ளளவு வேண்டுமென்றால் ரைபிளுக்கு வாங்குவது போன்ற கடுமையான சான்றிதழ் வேண்டும்.

அதே துப்பாக்கி, அதே குழாய். அமெரிக்காக்காரன் குச்சி போட்டான், இங்கிலாந்துக்காரன் நெளித்துவிட்டான்.

மணிமுத்தாறு

பிற்காலத்து 870 சிலவற்றில் கம்பெனியே குழாயின் வாய்ப்பக்கம் உள்ளே இரண்டு புடைப்பு வைத்து விட்டதாகப் படித்திருக்கிறேன். மூடியைக் கழற்றினாலும் ஸ்பிரிங் பாயாமல் பிடித்துக்கொள்ளவாம். நீட்டுக்குழாய் மாட்ட நினைத்த அமெரிக்க ஆட்களுக்கு அது பெரிய இடைஞ்சல். அதைத் தட்டிச் சமன் செய்யலாமா, செய்தால் கம்பெனி உத்தரவாதம் போகுமா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். இது 1978-க்கு முந்தைய துப்பாக்கி என்பதால் தம்பிக்கு அந்தத் தொல்லை இருக்காது.

கூடவே ஒரு கிளைக்கதை. குழாய்க்குள் தோட்டாவை வரிசையாக அடுக்கும் பம்ப் துப்பாக்கியைப் பிரபலமாக்கியவர்களில் முக்கியமானவர் ஜான் பிரவுனிங். அவருடைய 1897 வின்செஸ்டர் உலகப்போருக்கே போனது. அதே பிரவுனிங் வடிவமைத்து பெல்ஜியத்தில் செய்த கைத்துப்பாக்கிதான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது. எங்கோ அமெரிக்காவின் ஊட்டாவில் பிறந்தவன் பெயர் நம் ஊர் ரயில் சந்திப்பு வரைக்கும் வந்திருக்கிறது பாருங்கள்.

மட்டுறுத்துநர்

மணியாச்சிக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே குழாயை மட்டும் பேசுவோம். குழாயை எப்படி மாற்றுவது என்ற செய்முறை யாரும் எழுத வேண்டாம், அழித்துவிடுவேன்.

பழைய ஆர்மரர்

நான்கு ஏறுமா ஐந்து ஏறுமா என்று சண்டை போடுகிறவர்கள் பாதிப் பேர் தோட்டாவை அளந்து பார்த்ததே இல்லை. அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அட்டைப்பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருக்கும். ஸ்கேலை வைத்து அளந்தால் புதுத் தோட்டா 58-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஏமாற்று வேலை இல்லை. அந்த 70 என்பது வெடித்துத் தலை விரிந்த பிறகு கூட்டின் நீளம். வாயை நட்சத்திரம் போல ஆறு மடிப்பாக உள்ளே மடித்திருந்தால் நீளம் குறையும். பழைய முறையில் விளிம்பை மட்டும் சுருட்டி, மேலே ஒரு வட்ட அட்டை வைத்து மூடியிருந்தால் சில மில்லிமீட்டர் கூடும். ஒரு தோட்டாவுக்கு நான்கு மி.மீ. என்றால் நான்குக்குப் பதினாறு. கடைசித் தோட்டா நின்று அடம் பிடிக்க அது போதும். நம் புனே பக்கத்துக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைத் தோட்டாவில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்து போட்டவர்களுக்கு இது அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

குட்டித் தோட்டா என்று ஒன்றும் வெளிநாட்டில் உண்டு, 45 மி.மீ. குழாயில் கூடுதலாக ஏறும். ஆனால் ஏந்தித் தூக்கும் தட்டில் அது குறுக்கே புரண்டு மாட்டிக்கொள்ளும்.

வாழைத்தோப்பு

அந்த 70 விஷயத்தில் அடிபட்டவன் நான். தாத்தா காலத்து இங்கிலீஷ் இரட்டைக்குழல் ஒன்று வீட்டில் இருந்தது. அதன் அறை 65 மி.மீ. என்று எங்கள் யாருக்கும் தெரியாது. ஒரு கடையில் தோட்டா கேட்டோம், கொடுத்தார்கள், வந்தோம். போட்டால் வெண்ணெய் போல உள்ளே போகிறது, மூடுகிறது. சரி என்று குளத்துக் கரையில் வைத்துச் சுட்டேன். தோளில் மாடு முட்டியது போல ஒரு அடி. வெளியே எடுத்த கூட்டைப் பார்த்தால் வாய் ஓரம் பிய்ந்து நார் நாராக இருக்கிறது. இரண்டாவது தடவை சுட்டபோது பூட்டுத் தண்டு தளர்ந்துவிட்டது, மடக்கி நிமிர்த்தினால் லொட லொட என்று ஆடியது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

பழைய ஆர்மரர்

நிறுத்தியது உங்கள் அதிர்ஷ்டம். மடித்த வாயோடு தோட்டா 58 என்பதால் 65 அறைக்குள் தாராளமாகப் போகும். வெடிக்கும்போது வாய் விரிய இடம் இல்லாமல், அறை முடிந்து குழல் குறுகும் இடத்தில் திணிக்கும். ஈயமும் அடைப்பும் அந்தச் சின்ன வாய் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அழுத்தம் எகிறிவிடும். அறையைக் குடைந்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில்தான் இரும்பு கனமாக இருக்க வேண்டும்.

மணிமுத்தாறு

என்னிடம் இருப்பது ஒற்றைக்குழல். கொள்ளளவு ஒன்று. சண்டையே இல்லை.

லேத்து மாமா

ஸ்பிரிங் பற்றி ஒரு வார்த்தை. கட்டையை எடுத்துவிட்டால் உடனே நான்கு ஏறும் என்று நினைக்க வேண்டாம். நாற்பது வருடம் பாதித் தூரமே அமுங்கிப் பழகிய ஸ்பிரிங். மீதித் தூரத்தில் துரு உட்கார்ந்திருக்கும். குழாயின் உட்சுவரிலும்தான். கடையத்துச் சாரல் காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

கடனாநதிக்கரை

துரு என்றதும் ஞாபகம் வருகிறது. தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, போன தடவை அப்பா கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வாங்கியபோது குழல் முழுக்கச் செம்புள்ளி. ஒரு வாரம் திண்ணையில் உட்கார்ந்து தேய்த்தார். தேங்காய் எண்ணெய்தான் போடுவார்.

பழைய ஆர்மரர்

ஐயோ, தேங்காய் எண்ணெயா! மார்கழிக் குளிரில் உறையும், சித்திரையில் உருகித் தூசியைப் பிடித்துப் பிசினாகும். தையல் மிஷின் எண்ணெய் எவ்வளவோ மேல், அதுவும் துணியில் தொட்டு மெல்லிசாக. ஒப்படைக்கும் முன் எண்ணெய் தடவி, எண்ணெய்த் துணி சுற்றி, உறையில் போட்டுக் கொடுங்கள். ரசீதில் துப்பாக்கியின் எண்ணையும் அதன் நிலையையும் எழுதி வாங்குங்கள்.

வாழைத்தோப்பு

பன்றிக்கு இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். பழைய சேலையை வரப்பு நீளத்துக்குக் கட்டிவிட்டேன். முதல் ஒரு மாதம் நன்றாக நின்றது. அப்புறம் அதற்குப் பழகிவிட்டது, சேலைக்கு அடியில் புகுந்து வருகிறது. இப்போது சோலார் வேலிக்கு மனு போட்டிருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரர் நேரடியாக மின்கம்பத்திலிருந்து கம்பி இழுக்கலாம் என்றார். பன்றிக்கு முன்னால் தண்ணீர் பாய்ச்சப் போகும் என் மகன் மிதிப்பான் என்று சொன்னேன், விட்டுவிட்டார்.

கடனாநதிக்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நீட்டுக்குழாய் எண்ணத்தை வக்கீல் அண்ணாச்சி எழுதிய அன்றைக்கே விட்டுவிட்டேன். உரிமம் உள்ள கடைக்குப் போய்த் திறந்து பார்த்தாயிற்று.

ஆர்மரர் அண்ணாச்சி சொன்னது போல ஸ்பிரிங் பாயத்தான் செய்தது, கடைக்காரர் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஸ்பிரிங்குக்கு நடுவே குச்சியும் இருந்தது. ஆனால் அது கம்பெனிக் கட்டை இல்லை. மூங்கில். ஒரு கணுவுக்குக் கொஞ்சம் மேலே அறுத்து, முனை இரண்டையும் மழுக்கி, ஆடாமல் இருக்க ஒரு பக்கம் மீன் வலை நூல் சுற்றியிருந்தது. அந்த முடிச்சை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். எங்கள் வீட்டுக் கிணற்று வாளி, மண்வெட்டிப் பிடி, அம்மாவின் அருவாமனை எல்லாவற்றிலும் அப்பா போட்ட அதே முடிச்சு.

கடைக்காரர் கம்பெனிக் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள். நான் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது நடந்ததாம். ஒருநாள் சாயங்காலம் துடைக்க உட்கார்ந்தவர் பம்பை இழுத்து இழுத்துத் தோட்டாவை வெளியே தள்ளியிருக்கிறார். நான்கு விழுந்தது. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து, துப்பாக்கிக்குள் தோட்டாவை அடிக்கும் சுத்தியலை இறக்கி வைக்கக் குழலை மேலே தூக்கி விசையை அமுக்கியிருக்கிறார். ஐந்தாவது அறையில் இருந்திருக்கிறது. நான் தார்சாவில் பாய் போட்டு எழுதிக்கொண்டிருந்தேனாம். ஓட்டுச் சில்லு என் சிலேட்டு மேலே விழுந்ததாம். எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

மறுநாளே மூங்கில் வெட்டியிருக்கிறார். "மூணுக்கு மேல போனா எனக்குக் கணக்கு நிக்காது" என்று சொன்னாராம்.

ஸ்பிரிங்கில் துரு இருந்ததால் புதிது போட்டாயிற்று. மூங்கிலைக் கடைக்காரர் குப்பையில் போடப் போனார், வாங்கித் துடைத்துத் திரும்ப உள்ளேயே வைக்கச் சொல்லிவிட்டேன்.

பழைய ஆர்மரர்

அமெரிக்கக் கட்டை, சந்தேகமே இல்லை என்று எழுதியவன் நான்தான். தப்பு. மழை ஈரத்துக்கு மூங்கில் உப்பும், வருடத்துக்கு ஒருமுறை கடையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. துடைக்க உட்காரும் முன், எத்தனை விழுந்தது என்று எண்ணுவதோடு விடாமல், அறையிலும் குழாய் வாயிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். குழாய்க்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாது, இந்த வகைத் துப்பாக்கியில் அதுதான் வம்பு.

லேத்து மாமா

கூரையில் விழுந்த அந்த ஓட்டை என்ன ஆச்சு தம்பி?

கடனாநதிக்கரை

இன்றைக்குத்தான் தார்சாவில் படுத்துக்கொண்டு பார்த்தேன். மூன்று ஓடு மாற்றியிருக்கிறார். மற்றதெல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கிறது, அந்த மூன்று மட்டும் கொஞ்சம் சிவப்பு. இத்தனை வருடமாக அது குரங்கு உடைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.